பதினேழு தோட்டத்து நாய்கள்

கண்ணுசாமிக்கு எதையும் விசாரிக்காமல் வாங்கத் தெரியாது. கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோதுகூட, பாவாயியின் ஊரில் பெட்டிக்கடைக்காரர், பால்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று ஒன்பது பேரிடம் கேட்டு முடித்த பிறகுதான் சரி என்றார். பாவாயி அவரைப் பற்றி ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. அதைப் பிற்பாடு அவ்வப்போது சொல்லிக் காட்டுவாள்.

அவருக்கு வாய்த்த வேலையும் அப்படிப்பட்டது. மோகனூர் சர்க்கரை ஆலையில் கரும்புக்கு பீல்டுமேன். சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய், என்ன ரகம், எந்தத் தேதியில் நட்டது, புது நடவா, வெட்டிய கட்டையில் துளிர்த்த மறுதாம்பா, எத்தனை ஏக்கர் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். ரகம் தெரியாமல் ஒரு கரணையைக்கூட மண்ணில் வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஆகவே எண்பத்திரண்டாம் வருஷம் பங்குனி மாதத்தில் வீட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்றானபோது, அது லேசில் முடியப்போவதில்லை என்று பாவாயிக்குத் தெரிந்துபோயிற்று.

நாய் எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் மாசியில் பாவாயி ஐநூறு வெள்ளை லெக்கான் முட்டைக்கோழிக் குஞ்சுகளை இறக்கியிருந்தாள். நாமக்கல்லில் கால்நடை டாக்டர் நடத்திய ஐந்து நாள் பயிற்சிக்குப் பஸ் ஏறிப் போய் வந்து, வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்றில் ஒரு கொட்டாய் போட்டு, இடுப்புயரச் சுவருக்கு மேல் கம்பி வலை அடித்து, தரையில் கடலைத் தொலி பரப்பி, எல்லாம் அவள் யோசனை, அவள் உழைப்பு. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் மாமனார் சொன்ன வெள்ளாமை, புருஷன் சொன்ன கரும்பு என்று பிறத்தியார் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தாள். இது அவளாகத் தொடங்கிய முதல் காரியம். இது நிலைத்தால்தான் அடுத்ததை நினைக்க முடியும் என்று அவளுக்கு இருந்தது. குஞ்சு சிணுங்கினால் அவளும் சிணுங்கினாள்.

டாக்டர் சொல்லிக்கொடுத்ததில் ஒரு வார்த்தையை அவள் தவறவிடவில்லை. கொட்டாய்க்குள் அவளைத் தவிர யாரும் போகக் கூடாது. உள்ளே போட ஒரு ஜோடி செருப்பு தனி. வாசலில் பொட்டாசியம் கரைத்த தண்ணீர்த் தொட்டி; அதில் காலை நனைக்காமல் உள்ளே அடி வைக்கக் கூடாது. தீவன வண்டி வேலிப் படலுக்கு வெளியே நிற்க வேண்டும். ஏழாம் நாள் குஞ்சுகளின் கண்ணில் சொட்டு மருந்து விட்டாயிற்று. எட்டாம் வாரம் றெக்கையில் ஊசி.

"இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஆபத்து. வெளிச் சீக்கு மட்டும் உள்ள வராம பாத்துக்கிட்டீங்கன்னா கரை ஏறிடலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டாம் வாரம் என்றைக்கு வருகிறது என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

நாலாவது வாரத்தில் காட்டுப்பூனை ஒன்று கம்பி வலையைப் பிரித்து உள்ளே புகுந்து பதினோரு குஞ்சுகளைக் கொன்று போட்டது. தின்றது ஒன்றுதான், மற்ற பத்தும் சும்மா. வீட்டில் இருந்த கிழட்டு நாய் முந்தின வருஷமே செத்துப்போயிருந்தது. பாவாயியும் ஆறு வயசு மகள் கோகிலாவும் பகலெல்லாம் தனியாக இருக்கும் தோட்டத்து வீடு. ஆலையில் கரும்பு அரைவைக் காலத்தில் கண்ணுசாமி விடிந்து போனால் இருட்டித்தான் வருவார். நாய் இல்லாமல் முடியாது என்று அன்றைக்கே முடிவாயிற்று.

"பக்கத்துத் தோட்டத்துல ஒரு நாய் குட்டி போட்டிருக்குதுங்க. ஒண்ணத் தூக்கிட்டு வந்தர்லாம்" என்றாள் பாவாயி.

"அது என்ன ரகம்னு யாருக்குத் தெரியும்?" என்றார் கண்ணுசாமி.

"நாய் ரகம்."

கண்ணுசாமி சிரிக்கவில்லை. மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதிக் கீழே கோடு போட்டார். குழந்தையோடு ஒட்டுமா? கோழியைத் தொடாமல் இருக்குமா? ஆள் வந்தால் குரல் கொடுக்குமா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று சொல்லும் ரகம் எது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் நாய் வாங்குவது. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். அவர் செய்வதெல்லாம் கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும்.

அதற்குப் பிறகு கரும்பு பார்க்கப் போகிற வழியெல்லாம் நாய் பார்த்தார். ஜேடர்பாளையத்தில் பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் அல்சேஷன் வைத்திருந்தார். அதற்குத் தினமும் அரைக் கிலோ கறி, வெயில் நேரத்தில் ஈரச் சாக்கு. வளர்த்தவருக்கே ஈரச் சாக்கு கிடையாது. நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர் வீட்டில் பொமரேனியன். அது ஆளைப் பார்த்தும் குரைத்தது, ஆள் போன பிறகும் குரைத்தது, சுவரைப் பார்த்தும் குரைத்தது. ராஜபாளையம் நாயைப் பார்த்து மனசைப் பறிகொடுத்தார். பால் வெள்ளை, என்ன நடை! ஆனால் அதில் சில குட்டிகள் பிறவிச் செவிடு என்று அதை வைத்திருந்தவரே சொன்னார். காது கேட்காத நாய் என்னத்தைக் காவல் காக்கும்? சேந்தமங்கலத்தில் முயல் வேட்டைக்குப் போகிறவரிடம் சிப்பிப்பாறை இருந்தது. பிடித்து நிறுத்தியிருந்தபோதே அது எதிரே போன கோழியைப் பார்த்த பார்வை கண்ணுசாமிக்குப் பிடிக்கவில்லை. டாக்டரிடம் கேட்டதற்கு இங்கிலீஷில் படம் போட்ட புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். மூன்று ராத்திரி அகராதியை வைத்துக்கொண்டு படித்தார். அதிலிருந்த நாய்கள் எல்லாம் பனியில் விளையாடிக்கொண்டிருந்தன.

பார்த்த நாய்க்கெல்லாம் ஒரு பரீட்சை வைத்தார். சட்டைப் பையில் பொறை ரொட்டி இருக்கும். ஒன்றை எடுத்துத் தூர வீசுவார். பாய்ந்து விழுங்கினால் பேராசை. மோந்து பார்த்துவிட்டுத் தின்றால் நிதானம். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் கோகிலா சைக்கிளைப் பிடித்துக்கொள்வாள்.

"அப்பா, இன்னிக்கு என்ன நாய்?"

அவர் நோட்டைப் பிரித்து, அன்றைய நாயின் காது, வால், குணம் எல்லாம் சொல்ல, அவள் வாயைத் திறந்துகொண்டு கேட்பாள். ஒவ்வொரு நாளும் அன்றைக்குச் சொன்ன நாய்தான் வேண்டும் என்பாள். உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷமான சாயந்திரங்கள் அதற்கு முன்னால் இருந்ததில்லை. பாவாயிகூடச் சோளத்தைப் புடைத்துக்கொண்டே கேட்பாள்.

"பொண்ணு பாக்கறதுக்கு ஒம்பது பேருதான். நாய்க்கு எத்தனைங்க?"

"இன்னும் முடியலை" என்பார்.

இதில் யாரும் யோசிக்காத சங்கதி ஒன்று இருந்தது. நல்ல நாய் வைத்திருப்பவர்கள் யார்? மூன்று நாலு பேரைத் தவிர எல்லோரும் கோழிப்பண்ணைக்காரர்கள். கண்ணுசாமி நாய் பார்க்கப் போனதாக நினைத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய்க்கொண்டிருந்தார். தன் வீட்டுப் படலுக்குள் தீவன வண்டியை விடாத பாவாயி, புருஷன் காலைப் பற்றி நினைக்கவில்லை. அவர்தான் கொட்டாய்ப் பக்கமே போவதில்லையே.

பதினாலாவதாகப் பார்த்தது வெள்ளியங்கிரி தோட்டத்து நாய். நாமக்கல் போகும் வழியில் அவருக்கு மூவாயிரம் கோழி. ஐம்பது வயசு, வாய் நிறைய வெற்றிலை, பேச்சு அதைவிட நிறைய. நாய் கோம்பை ரகம். செவலை நிறம், மூஞ்சி கறுப்பு. ஆறு வாரக் குட்டிகள் நாலு, அதன் மேல் ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. கண்ணுசாமியைக் கண்டதும் எழுந்து ரெண்டு தரம் குரைத்துவிட்டு, வெள்ளியங்கிரி கையைக் காட்டியதும் படுத்துக்கொண்டது. அதன் மூக்குக்கு முன்னாலேயே இரண்டு கோழிகள் மேய்ந்தன. நாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

கண்ணுசாமி பொறையை வீசினார். நாய் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை.

"சோறு வெச்சாலும் அப்பிடித்தானுங்க. பேராசையே கெடையாது. வம்சம் அப்பிடி" என்றார் வெள்ளியங்கிரி.

"கோழியத் திரும்பியும் பாக்க மாட்டீங்குதே!"

"பாக்காதுங்க. பொறந்ததுல இருந்து கோழிக்குள்ள கெடக்குது."

கண்ணுசாமிக்குப் புல்லரித்துப்போயிற்று. குட்டிகளில் கறுப்பு மூஞ்சிப் பெட்டை ஒன்றைக் காட்டி, இன்னும் பத்து நாள் பாலைக் குடிக்கட்டும், நானே அனுப்பி வைக்கிறேன் என்றார் வெள்ளியங்கிரி. கண்ணுசாமி அங்கேயே நின்று நோட்டில் எழுதினார்: 'கோம்பை. மூன்றுக்கும் ஆம். பேராசை சுத்தமாக இல்லை.' பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார். கொட்டாய்ப் பக்கம் கொஞ்சம் நாற்றம் அடித்தது. கோழி எரு நாறாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

அன்று அங்கிருந்து நேராக வந்து அவர் தன் வீட்டுப் படலை நெருங்கும்போது மேற்கே வானம் கறுத்து, காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. கோடை மழை. கொட்டாய்க்கு நாலு பக்கமும் சுருட்டிக் கட்டியிருந்த சாக்குப் படுதாக்களை அவிழ்த்துவிட பாவாயி ஒருத்தியாக ஓடிக்கொண்டிருந்தாள். கிழக்கே ஒன்றைக் கட்டினால் மேற்கே ஒன்று பறந்தது. சாரல் அடித்ததும் குஞ்சுகள் பயந்து மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏற ஆரம்பித்தன. அப்படிக் குவிந்தால் அடியில் கிடப்பதெல்லாம் மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

"ஐயோ, குமியுதே! குமியுதே!" என்று அவள் போட்ட சத்தம் கண்ணுசாமிக்குக் கேட்டது.

சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினார். மூலையில் குவிந்த குஞ்சுகளை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பிரித்துவிட்டார். படுதாவை இழுத்துக் கட்டினார். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ஏழு குஞ்சுகள்தான் நசுங்கியிருந்தன. அவர் வராமல் இருந்திருந்தால் நூறு போயிருக்கும்.

நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டு பாவாயி அவரை ஏறிட்டுப் பார்த்துச் சொன்னாள். "சாமி மாதிரி வந்தீங்க."

பத்து வருஷத்தில் அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் அவருடைய முகத்தைத்தான் பார்த்தாள், காலைப் பார்க்கவில்லை. வாசலில் மருந்துத் தொட்டி மழைத் தண்ணீரில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

நாய் கிடைத்துவிட்டதே, நிறுத்தியிருக்கலாம். கண்ணுசாமியால் முடியுமா? ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அடுத்த நாலு நாளில் இன்னும் மூன்று பண்ணைகளுக்குப் போய் மூன்று நாய்களைப் பார்த்தார். மொத்தம் பதினேழு. வெள்ளியங்கிரி தோட்டத்து நாய்க்கு ஈடில்லை என்று உறுதியானதும் நோட்டை மூடினார்.

மழை பெய்த ஆறாம் நாள் காலையில் நாலைந்து குஞ்சுகள் றெக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. சாயந்திரம் முப்பது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. மறுநாள் விடிந்து பார்த்தபோது இருபத்தியிரண்டு செத்துக் கிடந்தன. ஒரு குஞ்சு கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி வந்தது. பாவாயி அதைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டாய் வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் மோட்டார் சைக்கிளை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, தொட்டியில் காலை நனைத்துக்கொண்டு வந்தார். செத்த குஞ்சு ஒன்றை அறுத்துப் பார்த்தார். இரைப்பையில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள்.

"வெள்ளைக் கழிச்சல்" என்றார். "ஊசி போட இன்னும் எத்தன நாள் இருந்துச்சு?"

"ஒம்பது நாளுங்க" என்றாள் பாவாயி.

டாக்டர் தலையை ஆட்டினார். வந்துவிட்ட பிறகு மருந்து கிடையாது. செத்ததை ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும், ஒரு குஞ்சையும் வெளியே கொடுக்கக் கூடாது. எழுந்துபோகும்போது கேட்டார்.

"வெளிப் பண்ணைல இருந்து யாராச்சும் உள்ள வந்தாங்களா? நீங்க ஏதாச்சும் பண்ணைக்குப் போயிட்டு வந்தீங்களா?"

"யாரும் வல்லீங்க டாக்டர். நானும் எங்கயும் போகலீங்க" என்றாள் பாவாயி. பிறகு அவள் தொட்டியைக் கையால் காட்டினாள். "அன்னிக்கு மழைல தொட்டித் தண்ணி வழிஞ்சு போச்சுங்க. விடிஞ்சுதான் மாத்தி ஊத்துனேன். அதனால இருக்குமுங்களா? நாந்தான் கெடுத்துட்டனுங்களா?"

"சொல்ல முடியாதும்மா. குருவி கொண்டு வரும், காக்கா கொண்டு வரும்."

கண்ணுசாமி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. போன பண்ணைகளில் ஒருவர்கூடக் கோழிக்குச் சீக்கு என்று சொல்லவில்லையே, எல்லாம் நன்றாகத்தானே இருந்தன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எந்தப் பண்ணைக்காரரும் தன் கோழிக்குச் சீக்கு என்று வாயால் சொல்ல மாட்டார் என்பது அந்தச் சீமையில் எல்லோருக்கும் தெரியும். சொன்னால் முட்டை வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான், பக்கத்துத் தோட்டத்துக்காரர் தடத்தை மறித்துவிடுவார். அவருக்கும் தெரியும்தான். நாய் மேல் இருந்த ஆசையில் அதை மட்டும் விசாரிக்காமல் விட்டிருந்தார்.

அன்று சாயந்திரம் வெந்நீர் அடுப்பில் தன் செருப்பைப் போட்டு எரித்தார். ரப்பர் நாற்றம் வீடு முழுக்க அடித்தது. வார் அறுந்துவிட்டது என்று சொன்னார்.

அதற்கப்புறம் மூன்று நாள். அறுபது, நூற்றுப் பத்து, நூற்று நாற்பது என்று செத்தன. குழி வெட்டியது அவர்தான். ஆலைக்கு லீவு போட்டுவிட்டு, டாக்டர் சொன்னதற்கு மேல் ஒரு முழம் ஆழமாகவே வெட்டினார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பாவாயி சாப்பிடவில்லை. செத்ததைக் கூடையில் அள்ளிக்கொண்டு வரும்போதெல்லாம், தொட்டியை அன்றைக்கு ராத்திரியே மாற்றியிருக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே வருவாள். கண்ணுசாமி அதைக் கேட்டுக்கொண்டு மண்ணைத் தள்ளுவார். ஒவ்வொரு தரமும் சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு வரைக்கும் வரும். சொல்லியிருந்தால் அவளுடைய அழுகையில் பாதியாவது குறைந்திருக்கும். அது தெரிந்தும் அவரால் முடியவில்லை. சாமி மாதிரி என்று அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை இழக்க அவருக்கு மனசில்லை.

நாலாம் நாள் மத்தியானம் படலுக்கு வெளியே ஒருவர் கூப்பிட்டார். வெள்ளியங்கிரி தோட்டத்தில் வேலை செய்யும் சின்னான். வயசானவர். தலையில் கூடை, கூடைக்குள் கறுப்பு மூஞ்சிக் குட்டி.

"உள்ள வராதீங்கய்யா!" என்று பாவாயி ஓடினாள். "எங்க கொட்டாய்ல சீக்கு. உங்க கால்ல ஒட்டிக்கிட்டு உங்க கோழிக்குப் போயிரும். அங்கயே நில்லுங்க."

சின்னான் கூடையை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க கோழிக்கா? எங்க கோழி எங்கீங்க இருக்குது அம்மிணி? எல்லாம் முடிஞ்சுபோச்சு. கொட்டாய் கழுவிச் சுண்ணாம்பு அடிச்சாச்சு. அதான் சொன்ன பத்து நாள் ஆனதுமே குட்டிய அனுப்பிட்டாரு."

"எப்ப?"

"கோடை மழை பேஞ்சுதே, அதுக்கு நாலஞ்சு நாளைக்கு முன்னாலயே ஆரம்பிச்சிருச்சுங்க. வெளிய சொல்லப்படாதுன்னுட்டாரு. பொழுது விடியறதுக்குள்ள அள்ளி ஓடக்குழில கொட்டிருவோம். இந்தக் குட்டியோட ஆயிதான் செத்த கோழியத் தின்னு தின்னு, கோழின்னாலே மூஞ்சியத் திருப்பிக்கும். சோறு வெச்சா மோந்துகூடப் பாக்காது, அத்தன தெகட்டல் அதுக்கு."

கண்ணுசாமி மண்வெட்டியோடு கொட்டாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டது. நோட்டில் நட்சத்திரம் போட்ட வரி அவருக்கு ஞாபகம் வந்தது. பேராசை சுத்தமாக இல்லை. எத்தனை பெரிய முட்டாள் என்று அவருக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

சின்னான் போகும்வரை பாவாயி படலிலேயே நின்றாள். போன பிறகு திரும்பி வந்தாள்.

"மழை பேஞ்ச அன்னிக்கு எங்கிருந்துங்க வந்தீங்க?"

"வெள்ளியங்கிரி தோட்டத்துல இருந்து."

"அந்தச் செருப்போடதான் உள்ள வந்தீங்க."

"ஆமா."

அதோடு விட்டுவிடுவாள் என்றுதான் அவர் நினைத்தார். மழை நேரத்து அவசரம், அவளுக்கே தெரியும், ஓடி வந்தது குஞ்சைக் காப்பாற்ற. ஆனால் பாவாயி கேட்டது வேறு.

"செருப்ப எதுக்குங்க எரிச்சீங்க?"

கண்ணுசாமி மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"டாக்டர் கேட்ட அன்னிக்குத்தானே எரிச்சீங்க. அன்னிக்கே தெரிஞ்சிருக்குது. நாலு நாளா நாங் கொன்னுட்டேன், நாங் கொன்னுட்டேன்னு அழுதுட்டுத் திரியறேன். பக்கத்துல நின்னு குழி வெட்டிக்கிட்டு இருந்தீங்க."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "தெரியும்னு இல்ல பாவாயி, ஒரு சந்தேகம்..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கோகிலா அதற்குள் கூடையைத் திறந்து குட்டியை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். குட்டி அவளுடைய பாவாடை நாடாவைக் கடித்து இழுத்தது. கண்ணுசாமிக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"அத அந்த ஆளுகிட்டயே திருப்பிக் குடுத்து அனுப்பிச்சிரலாம். நம்மளுக்கு வேண்டாம்" என்றார்.

"அது என்ன பண்ணுச்சு?" என்றாள் பாவாயி. "அதுக்கு வாயில்ல. வாய் இருந்தவங்க சொல்லல."

குட்டி அங்கேயே இருந்துவிட்டது.

சாயந்திரம் விளக்கு வைத்ததும் பாவாயி நோட்டை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டாள். வெள்ளியங்கிரி தோட்டத்துக்கு அப்புறம் போன பண்ணைகள் எவை என்று கேட்டாள். மூன்று பெயரையும் சொன்னார்.

"அவங்களுக்குச் சொல்லோணும்."

"காலைல சைக்கிள்ல போயி..."

"நீங்க போக வேண்டாம். போன வரைக்கும் போதும். கார்டு எழுதுங்க."

மூன்று கார்டு எழுதினார். முதல் கார்டில் 'இப்பகுதியில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் பரவி வருவதாகத் தெரிகிறது, தாங்கள் முன்னெச்சரிக்கையாக இருக்கவும்' என்று ஆலை சுற்றறிக்கை பாணியில் எழுதியிருந்தார். ஐந்தாவது வரை படித்த பாவாயி, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அதைக் கிழித்துப் போட்டாள்.

"உங்க பண்ணைக்கு நான் நாய் பாக்க வந்தேன், சீக்கு வந்த பண்ணைல இருந்து வந்தேன், என்னோட செருப்புல சீக்கு வந்திருக்கும், இன்னைக்கே ஊசி போட்டுருங்க. அப்படின்னு எழுதுங்க."

எழுதினார். வெள்ளியங்கிரிக்கு எழுத வேண்டாமா என்று கேட்டார்.

"அவருக்கு எதுக்கு? அவருக்குத் தெரிஞ்சதுதானே" என்றாள்.

கார்டு போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில் செங்கோட்டையன் வந்துவிட்டார். பதினேழாவது நாய் அவருடையது. ரோட்டிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமல், கால் மணி நேரம் திட்டினார். படிச்ச ஆளா நீ, ஆலைச் சம்பளம் வாங்கற ஆளா நீ, ஊடு ஊடாச் சீக்கைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சியா என்று ஆரம்பித்து, எழுத முடியாததெல்லாம் சொன்னார். அவருடைய கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்டைப் பார்த்த அன்றைக்கே ஊசி போட்டாயிற்று. மற்ற இரண்டு பண்ணைக்காரர்களும் அப்படியே தப்பித்தார்கள் என்று பிறகு தெரிந்தது. படலைப் பிடித்துக்கொண்டு கண்ணுசாமி முழுசையும் கேட்டார். பாவாயி வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அந்த ஆள் போன பிறகு, "சோறு போட்டிருக்குது, வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

கடைசியில் நாற்பத்தியொரு குஞ்சு மிஞ்சியது. அதில் இரண்டுக்குக் கழுத்து நிமிரவே இல்லை. பாவாயி தீவனத்தை உருட்டி ஊட்டுவாள். எட்டாம் வாரம் டாக்டர் வந்து நாற்பத்தியொன்றுக்கும் றெக்கையில் ஊசி போட்டார். அந்த வயசுக் குஞ்சுகள் இருக்கும் கொட்டாய் அத்தனை காலியாக இருந்து அவர் பார்த்ததில்லை.

ஐப்பசியில் அவள் மறுபடியும் ஐநூறு குஞ்சு இறக்கினாள். விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கறுப்பு மூஞ்சிக் குட்டி அதற்குள் வளர்ந்து, படலுக்கு வெளியே யார் நின்றாலும் குரைத்தது. கண்ணுசாமி வந்தாலும் முதலில் இரண்டு தரம் குரைத்துவிட்டுத்தான் வாலை ஆட்டும்.

சத்தம் கேட்டுப் பாவாயி எழுந்து வருவாள். படலைத் திறக்காமல் அந்தப் பக்கம் நின்று கேட்பாள்.

"இன்னிக்கு எங்கெங்க போனீங்க?"

கண்ணுசாமி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வரிசையாகச் சொல்வார். எந்தத் தோட்டம், யார் வீட்டில் தண்ணீர் குடித்தார், அங்கே வாசலில் நாட்டுக்கோழி மேய்ந்ததா, வழியில் யார் கையைப் பிடித்துப் பேசினார்கள். ஒன்றையும் விடமாட்டார். விட்டுவிடுவாரோ என்ற பயம் அவளைவிட அவருக்கு அதிகம். கேட்டு முடித்ததும் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவச் சொல்லிவிட்டுப் படலைத் திறப்பாள். கோபமாக இருக்க மாட்டாள். சிரித்த முகமாகக்கூட இருப்பாள்.

கேட்காமல் திறக்கிற ஒரு நாள் வரும் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து, முட்டைக்கு வந்து, ஒன்றரை வருஷம் முட்டையிட்டு, கழிவுக் கோழியாக லாரி ஏறிப் போன அன்று சாயந்திரம் கொட்டாயில் ஒரு றெக்கைகூட மிச்சமில்லை. அன்றைக்கும் படலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.